புது லேப்டாப்புக்குத்தான் லினக்ஸ்

“லினக்ஸா? நல்ல ஓஎஸ்தான். வீட்ல அந்தப் பழைய லேப்டாப் சும்மாதானே கிடக்கு, அதுல போட்டுப் பாரு. புதுசுல எதுக்கு விஷப்பரீட்சை?” கணினி தெரிந்தவர் என்று பெயரெடுத்த யாரிடம் கேட்டாலும் இந்த அறிவுரைதான் கிடைக்கிறது. சர்வீஸ் கடைக்காரர் சொல்கிறார், கல்லூரிப் பேராசிரியர் சொல்கிறார், ஐ.டி.யில் வேலை பார்க்கும் சித்தப்பா பையன் சொல்கிறான். லினக்ஸைத் திட்டுகிறவர்கள் இப்போது அதிகம் இல்லை. பாராட்டிக்கொண்டே ஒதுக்கிவைக்கிறவர்கள்தான் அதிகம். சாகக் கிடக்கிறவர் வாயில் துளசித் தீர்த்தம் விடுவதுபோல, விண்டோஸ் தாங்காமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் இயந்திரத்துக்குக் கடைசியாக லினக்ஸ் விடுகிறார்கள்.

இந்த அறிவுரை தலைகீழாகத் தவறு. லினக்ஸ் போடத் தோதான லேப்டாப் நேற்று வாங்கிய லேப்டாப்தான். தோதான நாள், பெட்டியைப் பிரித்த நாள்.

பழைய இயந்திரத்தில் நடக்கும் சோதனையின் லட்சணத்தைப் பாருங்கள். 4 ஜிபி ராம். சுற்றிச் சுற்றித் தேய்ந்த ஹார்ட் டிஸ்க். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதில் லினக்ஸ் மின்ட் போட்டு, குரோமில் பத்து டேப் திறந்து, கூடவே ஒரு யூடியூப் வீடியோவையும் ஓடவிட்டால் திணறத்தான் செய்யும். உடனே தீர்ப்பு வந்துவிடும்: “லினக்ஸும் ஸ்லோதாம்பா.” இதில் லினக்ஸ் அபிமானிகளுக்கும் பங்கு உண்டு. பழைய கணினியும் லினக்ஸில் பறக்கும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தது அவர்கள்தான். அது பாதி உண்மை. இயங்குதளம் தனக்கென்று பிடித்துக்கொள்ளும் நினைவகம் குறைவு என்பது சரி. ஆனால் இன்று நினைவகத்தைத் தின்பது பிரவுசர். ஜிமெயிலோ வங்கித் தளமோ, விண்டோஸில் கேட்கும் இடத்தைத்தான் ஏறக்குறைய லினக்ஸிலும் கேட்கும். தேய்ந்த ஹார்ட் டிஸ்க்கை எந்த இயங்குதளமும் சரிசெய்துவிடாது, எஸ்எஸ்டி வாங்கிப் போட வேண்டியதுதான். பத்து வருஷப் பழைய இயந்திரத்தின் நோய்களை எல்லாம் லினக்ஸின் கணக்கில் எழுதிவிட்டு, 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ள புது இயந்திரத்தை விண்டோஸுக்குக் கொடுத்து இரண்டையும் ஒப்பிடுவது என்ன நியாயம்?

அடுத்த வாதம் காசு. “லேப்டாப் விலையிலேயே விண்டோஸுக்கும் சேர்த்துக் கொடுத்தாச்சு, அதை அழிச்சு ஏன் காசைக் கரியாக்கணும்?” விண்டோஸ் 8 காலத்திலிருந்து, தயாரிப்பு நிறுவனங்கள் உரிம எண்ணை மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேரிலேயே எழுதிவிடுகின்றன. எஸ்எஸ்டியை முழுக்கத் துடைத்தாலும் அது போகாது. இரண்டு வருஷம் கழித்து விண்டோஸே தேவலை என்று தோன்றினால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இலவசமாக இறக்கிப் பென்டிரைவில் ஏற்றி அதே பதிப்பைப் போடலாம். எண் எதையும் கேட்காமல் தானே அடையாளம் கண்டுகொள்ளும். கொடுத்த காசு கொடுத்த இடத்திலேயே இருக்கிறது. இந்த உரிமப் பாசம் யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் வேடிக்கை. ஐந்நூறு ரூபாய்க்கு விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ‘போட்டுத் தருகிற’ கடையில் முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் ஆக்டிவேட்டரை ஓடவிடுவார்கள். வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு உரிமத்தின் அருமையைப் பேசுகிறார்கள்.

கடை மேசையில் நடக்கும் இன்னொரு காரியத்தையும் பார்த்துவிடுவோம். விண்டோஸ் 11 ஹோம் முதல் தடவை எழும்போது இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கும். கணக்கில்லாமல் உள்ளே போகச் சில குறுக்குவழிகள் இருந்தன, மைக்ரோசாஃப்ட் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துவருகிறது. “சார், மெயில் ஐடி சொல்லுங்க” என்று கடைப் பையன் கேட்பான். பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது, ஓடிபி வராது, பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள். அவனே ஒரு அவுட்லுக் முகவரியை உருவாக்கி, உங்கள் பெயரோடு 123 சேர்த்து ஒரு பாஸ்வேர்டும் வைத்து, பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவான். வேலை முடிந்தது என்று நாமும் கிளம்பிவிடுவோம்.

முடியவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு வரும் புது லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிஸ்க் தானாகக் குறியாக்கம் செய்யப்பட்டுப் பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டுக்கான 48 இலக்க மீட்பு எண், கடைப் பையன் உருவாக்கிய கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. என்றைக்காவது பயாஸ் அப்டேட் நடந்தோ மதர்போர்டு மாற்றியோ, நீலத் திரை எழுந்து 48 இலக்கத்தையும் கேட்கும்போதுதான் அந்த பில் எங்கே என்று பீரோவைக் குடைவோம். குறியாக்கம் நல்ல காரியம், லினக்ஸிலும் உண்டு. அங்கே நிறுவும்போதே “பூட்டவா?” என்று கேட்கும். பாஸ்வேர்டை நீங்கள்தான் வைப்பீர்கள். மறந்தால் கோப்புகள் போனதுதான் என்பதையும் அங்கேயே சொல்லிவிடும். பூட்டியதே தெரியாமல் சாவியை ஊரான் வீட்டில் விட்டுவைக்கும் நிலைமை வராது.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவுக்குப் போவதும் இதே ரகம்தான். 2024 முதல் புது விண்டோஸ் 11 நிறுவல்களில் பலருக்கு இது கேட்காமலே இயங்க ஆரம்பித்தது. இலவச இடம் 5 ஜிபி. ஒரு கல்யாண ஆல்பத்துக்குக்கூடக் காணாது. அதன் பிறகு இடம் தீர்ந்தது, பணம் கட்டு என்று மூலையில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். திரையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படமெடுத்துச் சேமிக்கும் ‘ரீகால்’ வசதியை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்து, பயனர் விரும்பினால் மட்டும் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் கோபைலட் பிளஸ் கணினிகளில் வெளியிட்டது. இப்போது விருப்பத்தின் பேரில்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கவலை, முதலில் யாரையும் கேட்காமல் செய்யத் துணிந்தார்களே என்பது.

இதனால்தான் முதல் நாள் முக்கியம் என்கிறேன். பெட்டி பிரித்த அன்று டிஸ்க்கில் உங்களுடையது என்று ஒரு கோப்பும் இல்லை. துடைத்தால் இழப்பில்லை. நாலு வருஷம் போகட்டும்: குழந்தையின் படங்கள், வருமான வரிக் கணக்கு, கடனுக்கு ஸ்கேன் செய்த பத்திரம், எல்லாம் ஒன்டிரைவுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிக்கிக் கிடக்கும். அன்றைக்கு லினக்ஸுக்கு மாறச் சொன்னால் யார் மாறுவார்கள்?

எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருவோம். “புது லேப்டாப்பில் லினக்ஸுக்கு டிரைவர் இருக்காது.” இதில் உண்மை இருக்கிறது, ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும். விண்டோஸ் லேப்டாப்பில் அந்தந்த இயந்திரத்துக்கான டிரைவர்களைத் தயாரிப்பு நிறுவனமே ஏற்றி அனுப்புகிறது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையக்கருவான கெர்னலுக்குள்ளேயே குடியிருக்கின்றன. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய கெர்னல் வருகிறது. இன்டெலும் ஏஎம்டியும் தங்கள் சிப் கடைக்கு வருவதற்கு முன்பே அதற்கான நிரலை அனுப்பிவிடுவது வழக்கம். அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? இந்த வருஷ லேப்டாப்பை வாங்கிவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் இறக்கிவைத்த ஐஎஸ்ஓ கோப்பைத் தூசிதட்டிப் போடும்போது வருகிறது. 2024 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 24.04-இன் முதல் கெர்னலுக்கு, 2025-இல் பிறந்த வைஃபை சிப்பைத் தெரியாமல் போகலாம். அதே 24.04-இன் பிந்தைய திருத்தப் பதிப்பில் புதிய கெர்னல் இருக்கும். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது, இடையிலும் கெர்னலைப் புதுப்பிக்கிறது. நிதானத்துக்குப் பேர்போன டெபியன், சர்வருக்குப் பிரமாதம், போன மாதம் சந்தைக்கு வந்த லேப்டாப்புக்குத் தோதில்லை. எந்த லினக்ஸ், எந்தத் தேதியது என்று பார்க்காமல் மொத்தமாக லினக்ஸின்மேல் பழி போடுகிறார்கள்.

நிறுவுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கும் வசதியும் லினக்ஸில் இருக்கிறது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். ஐஎஸ்ஓவை அதில் ஏற்றி, லேப்டாப்பை எஃப்12 விசையோ அந்த நிறுவனம் வைத்திருக்கும் வேறு விசையோ அழுத்தி எழுப்பினால், டிஸ்க்கைத் தொடாமல் முழு இயங்குதளமும் பென்டிரைவிலிருந்தே ஓடும். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா, ப்ளூடூத் இயர்போன் இணைகிறதா, மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிடலாம். செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய அவசியம் உபுண்டுவுக்கும் ஃபெடோராவுக்கும் இல்லை. சில இன்டெல் லேப்டாப்புகளில் நிறுவும்போது டிஸ்க்கே தெரியாது. பயப்பட வேண்டாம், பயாஸில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற பெயரில் இருப்பதை மாற்ற வேண்டும். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிற உத்தேசம் இருந்தால் மட்டும் அதை அவசரப்பட்டு மாற்றக் கூடாது, விண்டோஸ் எழாமல் போகும்.

தோற்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கைரேகை சென்சார் பல மாடல்களில் வேலை செய்யாது. இன்டெலின் புதுவகைக் கேமரா அமைப்புள்ள மெல்லிய லேப்டாப்புகள் சில வருஷம் லினக்ஸில் முகம் காட்ட மறுத்தன, இப்போதும் எல்லாம் தேறிவிடவில்லை. என்விடியா கிராஃபிக்ஸைப் பற்றித் தனிப் புராணமே எழுதலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் ஃபின்லாந்தில் ஒரு கூட்டத்தில் கேமராவுக்கு முன் அந்த நிறுவனத்துக்கு நடுவிரல் காட்டினார். பத்து வருஷம் கழித்து, 2022-இல், என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த நிரலாக வெளியிட்டது. நிலைமை மாறியிருக்கிறது, ஆனாலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படாதவர்கள் இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள்ளிணைந்த கிராஃபிக்ஸோடு வாங்குவதே நிம்மதி. லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தால் சூடாகிப் பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்பதையும் லினக்ஸின் குறையாகச் சொல்வார்கள். புது லேப்டாப்புகளில் பழைய முறைத் தூக்கமே பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ்காரர்களும் அதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள்.

வாரண்டி போய்விடும் என்கிற பூச்சாண்டிக்கு அதிக இடம் கொடுக்கத் தேவையில்லை. டெல் 2012 முதல் எக்ஸ்பிஎஸ் 13 லேப்டாப்பை உபுண்டுவோடும் விற்றிருக்கிறது. லெனோவோ 2020-இல் திங்க்பேடை ஃபெடோராவோடு விற்க ஆரம்பித்தது. இந்த நிறுவனங்கள் ஃபர்ம்வேர் புதுப்பிப்புகளை லினக்ஸ் வழியாகவே பல மாடல்களுக்கு அனுப்புகின்றன. தானே லினக்ஸ் போட்டு விற்கிறவர், நீங்கள் போட்டால் கீபோர்டுக்குப் பொறுப்பில்லை என்று எந்த முகத்தோடு சொல்வார்? சர்வீஸ் சென்டரில் விண்டோஸில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இழுத்தால், அதற்கென்று ஒரு மீட்புப் பென்டிரைவ் செய்து வைத்துக்கொண்டால் ஆயிற்று.

“அதெல்லாம் இன்ஜினியருக்கு. சாதாரண ஆளுக்குக் கமாண்டு அடிக்க வருமா?” இப்படிக் கேட்கிறவர்கள் ஒருமுறை ஏதாவது ஒரு தாலுகா நீதிமன்றத்துக்குப் போய்வரட்டும். உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு நாடெங்கும் மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களுக்குத் தேர்ந்தெடுத்தது உபுண்டு லினக்ஸை. நீதிபதிகளுக்குக் கொடுத்த லேப்டாப்பிலும் உபுண்டுதான். அதற்கென்று நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி நடத்தினார்கள். வழக்கு எண் பதிகிற, தீர்ப்பைத் தட்டச்சு செய்கிற அந்த ஊழியர்களில் எத்தனை பேர் பொறியாளர்கள்? கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள், பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் அதில்தான் எழுதுகிறார்கள். பாதுகாப்பு அமைச்சகம் 2023-இல் தன் கணினிகளுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’வைக் கொண்டுவரத் தீர்மானித்தது.

தமிழ்நாட்டு அனுபவத்தை எதிர்ச்சாட்சியாகக் கொண்டுவருவார்கள். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. “பசங்க அதைத் திறந்துகூடப் பார்க்கலையே!” வாஸ்தவம். ஆனால் அதை வைத்து வகுப்பு நடக்கவில்லை, பாடப் புத்தகம் அதைச் சொல்லவில்லை, தேர்வில் கேட்கவில்லை, ஆசிரியருக்கே யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கேரளம் இந்த நாலையும் செய்தது. மலையாளப் பிள்ளைக்கு வந்த லினக்ஸ் தமிழ்ப் பிள்ளைக்கு வராது என்றால், பிள்ளையையும் லினக்ஸையும் விட்டுவிட்டுத் திட்டம் போட்டவர்களைக் கேட்க வேண்டும்.

தமிழ் வராது என்கிற வதந்தி எங்கிருந்து கிளம்பியதோ தெரியவில்லை. 1999-இல் சென்னை மாநாட்டில் முடிவான தமிழ்99 விசைப்பலகை, விண்டோஸுக்குள்ளேயே வந்தது 2019-இல். அதுவரை நாமெல்லாம் இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் என்று தனி மென்பொருள்களைத் தேடி இறக்கிக்கொண்டிருந்தோம். லினக்ஸில் அதற்குப் பல வருஷம் முன்பே தமிழ்99 இருந்தது. இன்றைக்கு உபுண்டுவில் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால், தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுமுறை என்று வரிசையாக நிற்கும். நிற்காவிட்டால் ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவினால் வந்துவிடும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்துத் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். எழுதுவதை வேலையாகக் கொண்டவர்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

“வேர்டு ஃபைலை லிப்ரே ஆபீஸில் திறந்தால் கலைந்துபோகிறது” என்பது நிஜமான புகார். தமிழ்க் கோப்பு என்றால் இன்னும் அதிகம். காரணம் பெரும்பாலும் எழுத்துரு. அனுப்பியவர் லதாவிலோ நிர்மலாவிலோ அடித்திருப்பார். அவை மைக்ரோசாஃப்டின் எழுத்துருக்கள், லினக்ஸோடு வருவதில்லை. லிப்ரே ஆபீஸ் அந்த இடத்தில் வேறொன்றைப் பொருத்தும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும், 10 பக்கம் 11 ஆகும். நோட்டோ, மீரா இனிமை போன்ற திறந்த எழுத்துருவில் அடித்து எழுத்துருவைக் கோப்பிலேயே பதித்து அனுப்பினால் இந்த வம்பு பெரிதும் தீரும். திருத்தம் தேவைப்படாத கோப்பைப் பிடிஎஃப் ஆக அனுப்புவது எல்லோருக்கும் நல்லது. பாமினியிலும் வானவில்லிலும் அடித்த பழைய கோப்புகள் அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் கோழிக் கிறுக்கலாகத்தான் தெரியும் என்பதை இந்தப் புகார்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

யாருக்கு லினக்ஸ் வேண்டாம்? டாலியில் கணக்கு எழுதுகிறவர், கோரல்டிராவிலும் பேஜ்மேக்கரிலும் பிழைப்பு நடத்தும் டிடிபி கடைக்காரர், போட்டோஷாப்பும் ஆட்டோகேடும் இல்லாமல் வேலை ஓடாதவர், டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகித் தினமும் தாக்கல் செய்கிற ஆடிட்டர் அலுவலகம், வேலரன்ட் விளையாடுகிற பையன். இவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும், வீம்புக்கு மாறிக் கஷ்டப்பட வேண்டாம். ஆனால் பிரவுசரும் வாட்ஸ்அப்பும் யூடியூபும் பேங்க் வேலையும் நாலு கடிதமும் ஒரு எக்செல் பட்டியலும்தான் உங்கள் கணினி வாழ்க்கை என்றால், இந்தப் பட்டியலில் நீங்கள் இல்லை. லேப்டாப் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதில் இல்லை.

கணினி அறிவியல் மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. “கம்பெனியில் விண்டோஸ்தான் கேட்பார்கள்” என்று அவர்களைப் பயமுறுத்துவது பாவம். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல். 2001-இல் மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். 2016-இல் அதே மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட வழிசெய்து கொடுத்தது. நிரல் எழுதுகிறவர்கள் அதைக் கேட்டார்கள் என்பதுதான் காரணம்.

கடைசியாக ஆயுள் கணக்கு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப் அல்லது அதற்குப் பிந்தையது கேட்கிறது. 2017 தொடக்கத்தில் ஏழாம் தலைமுறை ஐ7 சிப்போடு, எழுபதாயிரம் எண்பதாயிரம் கொடுத்து வாங்கியவரின் இயந்திரம் இன்றும் நன்றாக ஓடும். ஆனால் அதிகாரபூர்வமாக அதற்கு விண்டோஸில் எதிர்காலம் இல்லை. இப்போது அவருக்கும் அதே அறிவுரை கிடைக்கிறது: பழசாகிவிட்டது, லினக்ஸ் போடு. எட்டு வருஷம் கழித்துப் போட நேர்ந்ததை முதல் நாளே போட்டிருந்தால், இந்தத் தேதி அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. லினக்ஸிலும் ஒவ்வொரு பதிப்புக்கும் காலக்கெடு உண்டு, உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு 5 வருஷம். ஆனால் அடுத்த பதிப்புக்குப் போகக் காசும் கேட்பதில்லை, டிபிஎம் சிப்பும் கேட்பதில்லை.

அடுத்த லேப்டாப் வாங்கக் கடைக்குப் போகும்போது, வீட்டிலேயே உபுண்டுவின் அல்லது ஃபெடோராவின் ஆகப் புதிய பதிப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றி எடுத்துப்போங்கள். டிஸ்ப்ளேயில் வைத்திருக்கும் அதே மாடலில் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடாவிட்டால், எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வாங்கி, வீட்டில் ஓட்டிப் பாருங்கள். கடைப் பையன் உங்கள் பெயரில் கணக்குத் திறக்க வந்தால், பெட்டியைப் பிரிக்காமலே கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.